சொந்தமா, அசலா?

திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் யாரிடமாவது ஒரு கல்யாணப் பத்திரிகையை நீட்டிப் பாருங்கள். மாப்பிள்ளைக்கு என்ன வேலை, பெண் என்ன படிப்பு என்பதெல்லாம் அப்புறம். முதல் கேள்வி, ''சொந்தமா, அசலா?''

'அசல்' என்றால் இங்கே உறவில்லாத இடம். பிறத்தியார். ''பெரியவனுக்குச் சொந்தத்துலே எடுத்தோம், சின்னவனுக்கு அசல்லே'' என்பார்கள். இதே வார்த்தைக்கு ஜெராக்ஸ் கடையில் வேறு அர்த்தம். ''அசல் எங்கே சார்?'' என்று கேட்டால் அங்கே யாரும் சம்பந்தம் பேசவில்லை. இந்த இரண்டு அசலும் ஒரே இடத்தில் வந்து முட்டிக் கொள்கிற சமாசாரம் ஒன்று இருக்கிறது.

முதலில் சொந்தத்தின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்கள் தெருவில் நான் நடமாட முடியாது. பெண்ணின் குணம் தெரியும். பையனின் 'பழக்க வழக்கம்' தெரியும். நகை குறைந்தால் சபையில் மானம் போகாது. மாமியாரே அத்தை, அல்லது பாட்டி. சொத்து வெளியே போகாது. இருப்பது ஒன்றரை கிரவுண்டில் ஓட்டு வீடாக இருந்தாலும் சொத்து சொத்துதானே! 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 28 பேர் சொந்தத்தில் வாக்கப்பட்டவர்கள் என்று தெரியவந்தது. நாடு முழுக்க எடுத்துக்கொண்டால் 11 பேர்தான். இந்த ஒரு விஷயத்தில் நாம்தான் இந்தியாவுக்கே முன்னோடி.

நான் அசலில் கட்டியவன். அதில் என் மனைவிக்கு ஒரு சௌகரியம், கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகலாம். அக்கா மகளைக் கட்டின வீட்டில் அந்த வசதி கிடையாது. பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டும் ஒரே காம்பவுண்டு, நடுவில் ஒரு துணிக் கொடி.

உறவு முறையைக் கணக்குப் போட்டால் தலை சுற்றும். தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் ஒரு பிள்ளை பிறக்கிறது. அந்தப் பிள்ளைக்கு அப்பாவைப் பெற்றவர் தாத்தா. அவரே அம்மாவுக்கும் தாத்தா என்பதால் கொள்ளுத்தாத்தாவும் அவர்தான். அத்தையே அம்மாவைப் பெற்ற பாட்டி. நம்மில் பெரும்பாலோருக்குக் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி என்று எட்டு தனித்தனி ஆசாமிகள் இருப்பார்கள். சொந்தத்தில் பிறந்த குழந்தைக்கு ஆள் பற்றாக்குறை. இருக்கிறவர்களே டபுள் டியூட்டி பார்க்கிறார்கள்.

டபுள் டியூட்டி என்றதும் என் தொழில் ஞாபகம் வருகிறது. எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். கம்ப்யூட்டருக்கு முந்தைய காலம். டிரேஸிங் பேப்பரில் மசியால் படம் வரைவோம். அதை வைத்து அம்மோனியா பிரிண்ட் போடுவார்கள். அந்த அறைக்குள் நுழைந்தால் ஜலதோஷம் மூன்று மாதத்துக்கு எட்டிப் பார்க்காது. டிரேஸிங்கில் ஒரு சொட்டு மசி சிந்தினால், அதிலிருந்து எடுக்கிற அத்தனை பிரிண்டிலும் அதே இடத்தில் அதே கறை. ஆறரை என்பதை எட்டரை என்று படித்துவிட்டு லேத்காரர் இரும்பைச் செதுக்கித் தள்ளியிருப்பார்.

நம் உடம்பும் இப்படி ஒரு டிராயிங் ஆபீஸ்தான். ஏறக்குறைய 20,000 டிராயிங்குகள், அதாவது ஜீன்கள். ஆண்டவன் முன்ஜாக்கிரதைக்காரர். ஒவ்வொரு டிராயிங்குக்கும் இரண்டு பிரிண்ட் வைத்திருக்கிறார், அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. ஒன்றில் கறை இருந்தால் ஃபோர்மேன் இன்னொன்றைப் பார்த்து வேலையை முடித்துவிடுகிறார். பொருள் ஒழுங்காக வந்துவிடுகிறது. உள்ளே ஒரு கறை இருப்பது யாருக்குமே தெரியாது. சொந்தக்காரருக்கே தெரியாது!

உங்கள் கட்டிலும் சில கறைகள் இருக்கின்றன. என்னுடையதிலும் இருக்கின்றன. யாருக்குமே இல்லாமல் இல்லை. அசலில் பெண் எடுக்கும்போது என் கறை 412-வது டிராயிங்கில் இருந்தால் அவள் கறை 9,870-ல் இருக்கும். ஒன்றை மற்றது மூடிவிடும். சொந்தத்தில் எடுத்தால்? இரண்டு பேர் பிரிண்டும் ஒரே தாத்தாவின் டிரேஸிங்கிலிருந்து வந்தது. கறை ஒரே பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். குழந்தைக்கு அப்பாவிடமிருந்தும் கறைப் பிரதி, அம்மாவிடமிருந்தும் அதே கறைப் பிரதி என்று விழுந்தால் ஃபோர்மேன் என்ன செய்வார்? கையை விரிப்பார். அந்த உதிரி பாகம் உடம்பில் உற்பத்தியே ஆகாது. இதைத்தான் டாக்டர்கள் ஒடுங்கு மரபு நோய் என்கிறார்கள். இத்தனை நாள் ஒடுங்கிக் கிடந்தது என்று அர்த்தம்.

கணக்குப் பிடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். தாத்தாவிடம் ஒரு கறை. அது மகனுக்குப் போக வாய்ப்பு இரண்டில் ஒன்று. மகளுக்குப் போகவும் இரண்டில் ஒன்று, மகளிடமிருந்து பேத்திக்குப் போக நாலில் ஒன்று. மகன் அந்தப் பேத்தியைக் கட்டுகிறான். இருவரிடமும் கறை இருக்க எட்டில் ஒன்று. அப்படி இருந்து, பிறக்கிற குழந்தைக்கு இரண்டுமே கறைப் பிரதியாக விழ, அதில் நாலில் ஒன்று. ஆக 32-ல் 1. மாமன் மகள், அத்தை மகன் என்றால் 64-ல் 1. அதே மகன் அசலில் கட்டியிருந்தால்? அந்தக் கறை ஊரில் நூறு பேரில் ஒருவரிடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 800-ல் 1. இது ஒரே ஒரு கறைக்கான கணக்கு. தாத்தாவிடம் ஒரு கறைதான் இருக்கும் என்று யார் சொன்னது? பாட்டிக்கு வேறு தனிக் கணக்கு.

இதையெல்லாம் நான் ஆராய்ச்சிக்காகப் படிக்கவில்லை. பக்கத்துத் தெரு வெல்டர் ஒருவர் ஒரு மெடிக்கல் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். அதனால் படித்தேன். ''சார், நீங்க படிச்சவரு. இதுல இன்னா எய்திகீதுன்னு சொல்லுங்க'' என்றார்.

அவர் கட்டியிருப்பது கூடப் பிறந்த அக்காவின் மகளை. மற்ற பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகு 'மாமா' என்று கூப்பிடப் பழக வேண்டும். இந்தப் பெண்ணுக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை. பிறந்ததிலிருந்தே அவர் மாமாதான். மூத்தது பெண், பத்து வயது, வாய் ஓயாது. அடுத்தது பையன். பையன் பிறந்தது ஒரு ஐப்பசியில். தீபாவளியன்று தெருவே அதிர ஆயிரம் வாலா வெடித்தபோது தொட்டிலில் அசையாமல் தூங்கினான். வெல்டரின் அம்மாவுக்கு (தெருவுக்கே ஆயா) பெருமை தாங்கவில்லை. ''பார்த்தியா, எம் பேரன் எதுக்கும் பயப்படமாட்டான்!''

ஒன்றரை வயதாகியும் பேச்சு வரவில்லை. ''இவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்'' என்றாள் ஆயா. ஒருநாள் பையனின் முதுகுக்குப் பின்னால் அவன் அம்மாவின் கையிலிருந்து எவர்சில்வர் தூக்கு நழுவி விழுந்தது. அக்காக்காரி துள்ளிக் குதித்தாள். பையன் திரும்பாமல் லாரி பொம்மையை உருட்டிக்கொண்டிருந்தான். அவள் தூக்கை எடுத்து இன்னொரு தரம் போட்டாள். அப்புறம் இன்னொரு தரம். மூன்றாவது தரம் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாளாம்.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது விசாரணைக் கமிஷன். கிரகணத்தன்று வாசலுக்கு வந்தாள். வயிற்றில் இருந்தபோது எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஹார்ன் காதில் விழுந்தது. ராத்திரியில் தலைக்குக் குளித்தாள். குற்றவாளிக் கூண்டில் எல்லா வாய்தாவுக்கும் ஒரே ஆள்தான், பையனின் அம்மா. மாமியார் சொந்தப் பாட்டி என்பதால் தீர்ப்பில் ஏதும் சலுகை இல்லை. ''எங்க பரம்பரைல ஒத்தனுக்கும் இப்டி கெடையாது'' என்பது ஆயாவின் கடைசி வாதம். இதற்கு எதிர்க்கட்சி வக்கீலே இருக்க முடியாது. ஏனென்றால் அந்தப் பெண்ணுக்கும் அதே பரம்பரைதான்!

ரிப்போர்ட்டில் விஷயம் தெளிவாக இருந்தது. கனெக்ஸின் 26 என்று ஒரு புரதம். காதின் உள்ளே நத்தைக் கூடு மாதிரி ஓர் உறுப்பு இருக்கிறது. அங்கே ஒரு செல்லிலிருந்து பக்கத்துச் செல்லுக்குப் பொட்டாசியம் போய் வரச் சின்னச் சின்ன சந்துகள் வேண்டும். அந்தச் சந்துகளைக் கட்டுவதுதான் இந்தப் புரதத்தின் வேலை. பையனுக்கு அதன் இரண்டு பிரிண்டிலும் ஒரே எழுத்துப் பிழை. அப்பாவிடம் ஒரு பிரதி கறை, ஒரு பிரதி சுத்தம். அம்மாவிடமும் அப்படியே. இருவருக்கும் காது ஊசி விழுந்தால் கேட்கும். பிறவிச் செவிட்டுத்தன்மைக்கு நம் நாட்டில் அடிக்கடி கண்டுபிடிக்கப்படுகிற காரணங்களில் இது ஒன்று.

''பரம்பரைல இல்லவே இல்லியே சார்?'' என்று அவரும் கேட்டார். பரம்பரையில் யாருக்கும் தெரியாமல் இருந்ததுதான் இதன் சாமர்த்தியமே. இரண்டு கறைப் பிரதியும் ஒரே ஆளிடம் சேர்கிற வரைக்கும் அது நாலு தலைமுறை, பத்து தலைமுறை சத்தம் போடாமல் வரும். 'நம்ம வம்சத்துல நோய் நொடி இல்லை, தைரியமாக் கட்டலாம்' என்று சபையில் சொல்கிறார்களே, அது கல்லாவை எண்ணாமல் கடை லாபம் என்று சொல்கிற மாதிரி.

அம்மோனியா பிரிண்ட் கதையைச் சொன்னேன். வெல்டருக்குச் சட்டென்று பிடிபட்டது. டிராயிங் பார்த்து வேலை செய்கிறவர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு முகம் மலர்ந்தார். ''அப்போ நாலுல ஒண்ணுக்குத்தான் வரும். ரெண்டாவதுக்கே வந்துடுச்சி. இனிமே மூணு புள்ளைக்குக் கவலை இல்ல, அதானே சார்?''

அவர் மனைவி அப்போது மூன்று மாதம். அதனால்தான் அவர் அவ்வளவு அவசரமாக வந்திருக்கிறார்.

''தாயம் ஆடியிருக்கியாப்பா?''

''இன்னா சார், பூமிக்கு வந்ததுலேர்ந்து.''

''இப்பத்தான் ஒரு தாயம் விழுந்தாச்சு, அடுத்த மூணு உருட்டுல விழக்கூடாதுன்னு கட்டைக்கு ஞாபகம் இருக்குமா?''

அவர் பதில் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் கட்டை புதுசாகத்தான் உருளுகிறது. மூன்றாவதுக்கும் நாலில் ஒன்று. நாலாவதுக்கும் நாலில் ஒன்று. முதல் குழந்தை நன்றாக இருந்ததே என்பதும் அத்தாட்சி ஆகாது.

டாக்டரம்மா அவர்களிடம் இரண்டு வழி சொல்லியிருந்தார். பதினோரு வாரத்துக்குமேல் நஞ்சுக்கொடியிலிருந்து துளி எடுத்துப் பார்க்கலாம், அதில் கரு கலைகிற ஆபத்து கொஞ்சம் உண்டு. அல்லது குழந்தை பிறந்த சில நாளிலேயே காதைச் சோதிக்கலாம், சில நிமிஷ வேலை, வலியில்லை. உயிருக்கே உலை வைக்கிற நோய்கள் இருக்கும் குடும்பங்கள் முதல் வழியைத் தேடிப் போவதில் நியாயம் உண்டு. இவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். ''கேக்கலேன்னா இன்னா சார், எம் புள்ளதானே. சீக்கிரம் தெரிஞ்சா போதும்'' என்றார் வெல்டர். அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. மூளை பாஷையைப் பிடித்துக்கொள்வது முதல் சில வருஷங்களில்தான். காதுக்குள் காக்ளியர் கருவி பொருத்துவதாக இருந்தாலும் எவ்வளவு சின்ன வயதோ அவ்வளவு பலன். லட்சக்கணக்கில் செலவாகும் அந்த ஆபரேஷனுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இடம் இருக்கிறது. பையனுக்கு அதில்தான் நடந்தது. இப்போது 'ஆயா' என்கிறான். கொஞ்சம் 'ஆவா' மாதிரிக் கேட்கிறது. ஆயா அதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறாள்.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் சொந்தமில்லை. பரிணாமம் சொன்ன சார்லஸ் டார்வின் 1839-ல் கட்டியது மாமன் மகள் எம்மாவை. முறைப்பெண்! பத்துக் குழந்தைகள், மூன்று சிறு வயதிலேயே போய்விட்டன. நம் உறவுதான் காரணமோ என்று மனுஷர் கடைசிவரை குமைந்தார். 1871-ம் வருஷ மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'சொந்தத்தில் கட்டியவரா?' என்று ஒரு கேள்வி சேர்க்கச் சொல்லிப் பார்த்தார். பார்லிமென்ட் முடியாது என்றுவிட்டது. மெண்டல் என்ற பாதிரியார் 1866-லேயே பட்டாணிச் செடியை வைத்து இந்த இரண்டு பிரதி ரகசியத்தை எழுதி வெளியிட்டிருந்தார். டார்வினுக்கு அது எட்டவே இல்லை.

மனிதர்களில் முதலில் இதைப் பிடித்தவர் ஆர்ச்சிபால்ட் கேரட் என்ற லண்டன் டாக்டர், 1902-ல். சில குழந்தைகளின் சிறுநீர் காற்று பட்டால் கறுத்துப் போகிறது, துணியெல்லாம் மை கொட்டியது மாதிரி. பெற்றோரை விசாரித்தால், பல வீடுகளில் அப்பாவும் அம்மாவும் அத்தை, மாமன், சித்தப்பா, பெரியம்மா மக்கள். அண்ணன் தம்பி பிள்ளைகளே கட்டிக்கொள்வது அந்த ஊரில் தப்பில்லை. நாம் காதைப் பொத்திக்கொள்வோம். ஆனால் ஜீனுக்கு முறை, முறையில்லாதது தெரியாது. அத்தை மகனும் சித்தப்பா மகனும் அதற்கு ஒரே 64-தான்.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். வேலூர் சி.எம்.சி.யின் ராவ், இன்பராஜ் என்ற இருவர் தமிழ்நாட்டுக் குடும்பங்களை ஆராய்ந்து 1977-ல் எழுதினார்கள். சொந்தத்தில் கட்டியவர்களுக்குக் கருச்சிதைவும் சிசு மரணமும் மலை மாதிரி குவிந்திருக்கும் என்று எதிர்பார்த்தால், அப்படிப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நூற்றாண்டுகளாகச் சொந்தத்திலேயே கட்டி ரொம்ப மோசமான கறைகள் கழிந்து போயிருக்கலாம் என்று ஒரு விளக்கம் உண்டு. எந்தக் கல்யாணத்திலும் நூறு குழந்தையில் இரண்டு மூன்றுக்குப் பிறவிக் குறை இருக்கும். அத்தை மகன், மாமன் மகள் என்றால் இன்னும் இரண்டு மூன்று கூடும். தாய்மாமன் கல்யாணத்தில் அதற்கும் மேலே. பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே பிறக்கின்றன. பூச்சாண்டி காட்டுவது என் உத்தேசம் இல்லை.

'அப்பாடா, நாங்க அசல்தான்' என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்களுக்கும் ஒரு சேதி. அசல் என்று நாம் சொல்வது எதை? அதே ஜாதி, அதே உட்பிரிவு, முடிந்தால் அதே ஊர். டிராயிங் ஆபீஸ் ஒன்றே, பீரோ மட்டும் வேறு. ராயபுரத்திலிருந்து பாலம் தாண்டினால் ஜார்ஜ் டவுன். அங்கே தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் ஆரிய வைசியர்களிடம் ஓர் என்ஸைம் குறைவு கூடுதலாகத் தென்படுகிறது. சாதாரண வாழ்க்கையில் அதனால் ஒரு தொந்தரவும் கிடையாது. ஆபரேஷன் மேஜையில் தசையைத் தளர்த்தப் போடுகிற ஒரு ஊசி மற்றவர்களுக்கு ஐந்து நிமிஷத்தில் இறங்கிவிடும். இவர்களில் சிலருக்கு மணிக்கணக்கில் இறங்காது. மூச்சுக்கு அதுவரை மெஷின்தான். அதனால் விவரம் தெரிந்த மயக்க டாக்டர்கள், 'நீங்க எந்த சமூகம்?' என்று கேட்டுவிட்டுத்தான் ஊசியை எடுக்கிறார்கள். அந்தக் கறை எந்த எழுத்தில் இருக்கிறது என்பதைக் கோயமுத்தூர் பாரதியார் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து கண்டுபிடித்து 2006-ல் வெளியிட்டார்கள். இது ஒரு சமூகத்தின் கதை மட்டும் இல்லை. ஹைதராபாத் விஞ்ஞானிகளும் பங்கேற்ற 2017-ம் வருஷத்து ஆய்வு ஒன்றில், இந்தப் பக்கத்து ஜாதிகள் பலவும் சிறிய எண்ணிக்கையிலான முன்னோர்களிலிருந்து பெருகியவை என்று தெரிந்தது. சொந்தத்தில் கட்டாமலே சொந்தம்!

வெல்டர் வீட்டுக்கு வருகிறேன். மூன்றாவது பெண், காது கேட்கிறது. ஆறு நாள் குழந்தைக்குச் சோதனை நடந்தபோது வெல்டர் வெளியே நின்று ஒரு கட்டு பீடியைக் காலி செய்துவிட்டார். ஆனால் ஆயாவின் கணக்கு வேறு எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. மூத்தவளுக்குப் பத்து வயதுதானே? அவளுக்குத் தாய்மாமன் ஒருத்தன் இருக்கிறான், துறைமுகத்தில் வேலை, இருபத்திரண்டு வயது. ''இன்னும் பத்து வருஷம் போவட்டும், அவனுக்குத்தான் இவ'' என்று வாய்வார்த்தையில் முடித்தே வைத்துவிட்டாள்.

பேப்பரை எடுத்தேன். மூத்தவளுக்குக் காது நன்றாக இருந்தாலும் அவளிடம் ஒரு கறைப் பிரதி இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. அவள் மாமனிடம் இருக்க இரண்டில் ஒன்று. பிறக்கிற குழந்தைக்கு நாலில் ஒன்று. பெருக்கினால் 12-ல் 1. ஆயா மீன் வியாபாரம் செய்து மூன்று பிள்ளைகளை வளர்த்தவள். கணக்கில் அவளை ஏமாற்ற முடியாது. ''பன்னெண்டு கூடைல ஒரு கூடை கெட்டதுன்னா அந்த வண்டியை நா வாங்கமாட்டேன்'' என்றாள். பேரனை விட்டுக்கொடுக்கவும் மனசில்லை. ''அவனுக்கு அது கீதா இல்லியான்னு பார்க்க முடியாதா?''

முடியும். எந்த எழுத்துப் பிழை என்று ரிப்போர்ட்டிலேயே இருக்கிறதே. ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை, 'உண்டு, இல்லை' என்று தெரிந்துவிடும். இல்லை என்றால் அந்தக் கறையைப் பொறுத்தவரை பயமில்லை (மற்ற கறைகள் வேறு விஷயம்). பையன் தயங்காமல் ரத்தம் கொடுத்தான். கூடப்போன நான் மூத்தவளைப் பற்றி டாக்டரம்மாவிடம் கேட்டேன். ''அவ வளர்ந்து, அவளே கேக்கட்டும், அப்ப பண்ணலாம். இவரைத்தான் கட்டணும்னு அவ சொன்னாளா?'' என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

திரும்பும்போது ஆயா பின்தங்கினாள். டாக்டரம்மாவின் மேஜைப் பக்கம் மெதுவாகப் போய்த் தன் கையை நீட்டினாள்.

''யம்மா, எனுக்கும் எடு. இது என் பக்கத்துலேர்ந்து வந்துச்சா, அந்த மனுசன் பக்கத்துலேர்ந்து வந்துச்சான்னு தெரியுமில்ல?''

அந்த மனுசன் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. ஆயாவிடம் கறை இல்லை என்று வந்தால் அவரிடமிருந்துதான். கணக்கு சரிதான் என்றார் டாக்டரம்மா. ரிசல்ட்டுக்கு மூன்று வாரம். தினம் சாயங்காலம் என் திண்ணைக்கு வந்து ''வந்துடுச்சா?'' என்று விசாரித்துவிட்டுப் போகிறாள், பேரனுக்காகக் கேட்கிற மாதிரி.